14 ஆண்டு ஓடாமல் கிடந்த ஓ-200: ஒரு சிறு விமான என்ஜினைக் கழுவித் தயார்செய்த அனுபவம்

கொட்டகை மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த ஒரு செஸ்னா 150 விமானத்திலிருந்து இந்த என்ஜின் எங்களிடம் வந்தது. காண்டினென்டல் ஓ-200-ஏ. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். காற்றாலேயே குளிரும் வகை. கொள்ளளவு 201 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.3 லிட்டர். நிமிடத்துக்கு 2750 சுற்றில் 100 குதிரைத்திறன் தரும். கார் என்ஜினோடு ஒப்பிட்டால் இந்தக் கொள்ளளவுக்கு இது குறைச்சலாகத்தான் தெரியும். ஆனால் கார் தன் முழுத் திறனை எப்போதாவது ஒரு மேட்டில் சில நொடிகள்தான் கேட்கும். விமானம் தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து மணிக்கணக்காக முக்கால் பங்குத் திறனைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இதன் ஒவ்வொரு பாகத்தையும் அந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் இருந்தது இதுதான்: கடைசி ஓவர்ஹாலுக்கு (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்ததற்கு) பிறகு 212 மணி நேரம் ஓடியிருக்கிறது, அப்புறம் 14 ஆண்டு நின்றிருக்கிறது. இந்த வகைக்குத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் கெடு 1800 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. உரிமையாளர் முதல் எண்ணை மட்டும் பார்த்தார். "212 மணி நேரம்தான் சார் ஓடியிருக்கு, புதுசு மாதிரி. மேலே கழுவி, ஆயில் மாத்தி, ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க போதும்" என்றார். இந்த வேலையில் கைவைத்தவன் நான். கையெழுத்துப் போடும் உரிமை எங்கள் மூத்த பொறியாளருக்கு. அவர் கேட்டது ஒரே கேள்வி: "நடுவுல யாராவது புரொப்பெல்லரைச் சுத்தினீங்களா?"

சுற்றியிருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஆறேழு சுற்று, இறுகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்.

இந்தப் பழக்கம் பரவலாக இருப்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நிற்கும் என்ஜினில் சிலிண்டர் சுவரிலும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டிலும் ஒட்டியிருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான் துருவுக்கு எதிரான ஒரே கவசம். கையால் சுற்றும்போது ஆயில் பம்ப் அந்த மெதுவான வேகத்தில் புதிதாக எதையும் மேலே அனுப்பாது. பிஸ்டன் ரிங்குகளும், கேம் ஷாஃப்ட்டின் மேல் உரசும் டேப்பட்களும் இருக்கிற படலத்தையும் வழித்தெடுத்துவிடும். ஏற்கெனவே துரு பிடித்திருந்தால் ரிங் அதைச் சுரண்டி, அந்தச் சிவப்புப் பொடியைச் சுவர் முழுக்கத் தேய்த்து வைக்கும். ஆறு மாதம் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பாதுகாப்பு ஆயில் தெளித்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் பிளக்குகளைப் போட்டு, எல்லா வாய்களையும் அடைத்து, அப்படியே கைபடாமல் விடுங்கள். சுற்றுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்தது புரொப்பெல்லரின் ஆபத்து. ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னெட்டோ பேட்டரியை நம்பி இருப்பதில்லை. தானே மின்சாரம் உண்டாக்கும். சுவிட்சை அணைப்பது என்றால் மேக்னெட்டோவிலிருந்து வரும் ஒரு வயரைத் தரையிணைப்பு செய்வது, அவ்வளவுதான். அந்த வயர் எலி கடித்தோ, அதிர்ந்து அறுந்தோ இருந்தால், சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். கையால் சுற்றும்போது ஒரு சிலிண்டர் பற்றிக்கொண்டால் போதும். இந்த என்ஜினில் ஒரு பக்கத்து வயர் சுவிட்சின் பின்னால் ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மாதாமாதம் அதைச் சுற்றியவருக்கு ஒன்றும் ஆகாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

முதல் பார்வை

நாங்கள் சுற்றவில்லை. மேல் பிளக்குகளைக் கழற்றி, போர்ஸ்கோப்பை, அதாவது ஒல்லியான குழாய்க் கேமராவை, உள்ளே விட்டுப் பார்த்தோம். ஒன்றும் இரண்டும் சுமார். நான்காவதில் லேசான கறை. மூன்றாவது சிலிண்டரில் சுவர் நெடுக, பிஸ்டன் நின்ற இடத்துக்கு மேலே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. அதே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தது. காரணம் அங்கேயே இருக்கிறது: என்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்துதான் இருக்கும். சைலன்சர் வழியாக ஈரக் காற்று நேராக அந்த ஒரு சிலிண்டருக்குள் போய் வந்திருக்கிறது. புகைபோக்கி வாயில் ஓர் அடைப்பு வைத்திருந்தால் இந்தச் சிலிண்டர் தப்பியிருக்கும்.

வழக்கமாக இந்த இடத்தில் அழுத்தச் சோதனை செய்வார்கள். 80 பி.எஸ்.ஐ. காற்றை ஒரு சிறு துளை வழியாகச் சிலிண்டருக்குள் விட்டு, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பது. ஆயில் ஊற்றும் வாயில் உஸ்ஸென்று கேட்டால் ரிங், புகைபோக்கியில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. அருமையான சோதனை. ஆனால் அதற்கு பிஸ்டனை மேலே கொண்டுவர வேண்டும், அதாவது துருவின் மேல் ரிங்கை ஓட்ட வேண்டும். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு எங்கள் முடிவில் எதுவும் மாறப்போவதில்லை. முழுதாகப் பிரிப்பது என்று அன்றே பேசி முடித்தோம். உரிமையாளருக்கு மனசு கேட்கவில்லை. போர்ஸ்கோப் படத்தைக் காட்டிய பிறகுதான் சரி என்றார்.

வெளிக் கழுவல்

முதலில் படம் எடுத்தோம். ஒவ்வொரு வயரும் குழாயும் எங்கே போகிறது, எந்தக் கிளிப்பில் பிடித்திருக்கிறது என்று நூற்றுக்கும் மேல். அப்புறம் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டு, மினரல் ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் கொண்டு பிசுக்கை ஊறவைத்து எடுத்தோம். அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தைப் பக்கத்திலேயே விடவில்லை. அந்தத் தண்ணீர் மேக்னெட்டோவின் சீல்களைத் தாண்டி உள்ளே போகும், வெளியே வராது.

இரண்டாம் நான்காம் சிலிண்டர்களுக்கு நடுவே, குளிர்ச்சித் தகடுகளின் அடிப்பக்கம், குளவி மண்கூடு கட்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அடியில் கையை விட்டுத் தடவியபோது தகடுகளுக்கு இடையே விரல்நுனி இறங்கவில்லை. அப்படியே பறந்திருந்தால் அந்த ஓர் இடம் மட்டும் காய்ந்து, சிலிண்டர் கோணலாக விரிந்திருக்கும். மூங்கில் குச்சியால் நனைத்து நனைத்துச் சுரண்டினோம். இரும்புக் கம்பி தகட்டை உடைத்துவிடும்.

பிரித்தபோது

கரிப் படிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விமானப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். பிஸ்டன் தலையிலும் வால்விலும் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் படிவில் அந்த ஈயம்தான் இருக்கிறது. காய்ந்தபடியே சுரண்டினால் பொடி மூச்சில் ஏறும். கையுறை போட்டு, கரைப்பானில் ஊறவைத்து, ஈரத்திலேயே எடுங்கள். அலுமினியப் பாகங்களைக் காஸ்டிக் சோடா தொட்டியில் போடாதீர்கள். அது கரியோடு சேர்த்து உலோகத்தையும் தின்றுவிடும்.

என்ஜினின் நடுக்கூடான கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளையும் பிரித்ததும் எங்களுக்கு முதலில் உறுத்தியது பேரிங்குகள். 212 மணி நேரம் ஓடிய பேரிங் சாம்பல் நிறத்தில் மொழுமொழுவென்று இருக்க வேண்டும். இதில் நெடுக மெல்லிய கோடுகள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் கோடுகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக மின்னியது. முதலில் உலோகத் துகள் என்றுதான் நினைத்தேன். காந்தம் எதையும் இழுக்கவில்லை.

மூத்த பொறியாளர் பேரிங்கை விட்டுவிட்டு கேஸின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்தார். வார்த்தெடுத்த அலுமினியத்துக்கு உரிய சொரசொரப்பு இல்லை. ஒரே மாதிரியான மங்கிய வெள்ளி நிறம், பட்டுப்போல. "இதை மணி போட்டு அடிச்சிருக்காங்க" என்றார். கண்ணாடி மணிகளைக் காற்றில் பீய்ச்சி உலோகத்தைச் சுத்தம் செய்யும் முறையைத்தான் சொன்னார். பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கேஸுக்குள் ஆயில் ஓடும் நீளத் துளைகளின் முனைகளில் திருகு மூடிகள் இருக்கும். அவை எல்லாவற்றின் மேலும் பெயின்ட் அடித்து மூடியிருந்தது. அதாவது முந்தைய ஓவர்ஹாலில் யாரும் அவற்றைக் கழற்றவே இல்லை. சூடுகாட்டி ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கரைப்பானை ஒரு முனையில் ஊற்றி, மறு முனையில் வெள்ளை வடிதாளில் பிடித்தோம். தாளில் கறுப்புக் கசடு, அதற்குள் சர்க்கரைத் தூள் போல ஏதோ. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். மணல் என்றால் மூலைமூலையாக இருக்கும். இவை ஒவ்வொன்றும் குண்டுமணி போல முழு உருண்டை. சில பாதியாக உடைந்து, உடைந்த ஓரம் கத்தி போல.

பேரிங் கீறலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கண்ணாடி எந்தக் கரைப்பானிலும் கரையாது. துளையின் ஓரத்து ஆயில் பிசுக்கிலும், மரைகளின் பள்ளத்திலும் ஒட்டிக்கொண்டு கழுவலுக்குத் தப்பிவிடும். என்ஜின் சூடாகி ஆயில் இளகி ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பேரிங் உலோகம் மென்மையானது, அதனால் மணி அதில் பாதி புதைந்துகொள்ளும். வெளியே நீட்டியிருக்கும் மறுபாதி, பேரிங்குக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை உப்புத்தாள் போல ராவிக்கொண்டே இருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்தோம். இரண்டு கிராங்க் பின்கள் (கனெக்டிங் ராடு மாட்டும் இடங்கள்) கையேடு தரும் எல்லைக்குக் கீழே, வட்டமும் கெட்டுப்போய்.

14 ஆண்டு துருவைவிட 212 மணி நேரம் இந்த என்ஜினுக்கு அதிகக் கேடு செய்திருந்தது. அதுவும் யாரோ அதைச் சுத்தமாகக் காட்ட வேண்டும் என்று நினைத்ததால். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பளபளவென்று வந்த கேஸைப் பார்த்து அன்றைய உரிமையாளர் மகிழ்ந்துதான் போயிருப்பார்.

மணி அடிப்பதே கூடாது என்று சொல்லவில்லை. வெளிப்புற இரும்புப் பாகம் ஒன்றுக்கு, உள்வழி எதுவும் இல்லையென்றால், அது நல்ல முறைதான். ஆயில் போகும் வழி உள்ள எதற்கும் வேண்டாம். அலுமினியத்துக்கு அரைத்த வால்நட் ஓடு போன்ற மென்மையான பொருள்கள் இருக்கின்றன. அவற்றையும் துளைகளை அடைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

எங்கள் கழுவல் நான்கு நாள் பிடித்தது. எல்லா மூடிகளும் வெளியே. ஒவ்வொரு துளைக்கும் அளவான நீள நைலான் பிரஷ், சோப்பு கலந்த வெந்நீர், அழுத்தக் காற்று, மறுபடி கரைப்பான், மறுபடி வடிதாள். நான்காவது சுற்றில் தாள் சுத்தமாக வந்தது. நான் போதும் என்றேன். மூத்தவர் கேஸை அடுப்பில் வைத்து, கை வைக்க முடியாத அளவு சூடாக்கி, உடனே மறுபடி ஊற்றச் சொன்னார். தாளில் மூன்று மணிகள். அதன்பின் சூடாக்கிச் சூடாக்கிக் கழுவி, ஏழாவது சுற்றோடுதான் நிறுத்தினோம். ஆயில் கூலர், குழாய்கள் போன்றவற்றை இந்த நிலையில் கழுவி நம்பவே கூடாது. குழாய்களை எல்லாம் மாற்றினோம்.

விரிசல் தேடுதல்

மணி அடித்ததில் இன்னொரு கெடுதலும் உண்டு. மென்மையான அலுமினியத்தில் மணி தொடர்ந்து மோதும்போது மேற்பரப்பு நசுங்கிப் பரவி, மயிரிழை விரிசலின் வாயை மூடிவிடும். பிறகு சாயம் ஊடுருவும் சோதனை செய்தால் சாயம் உள்ளே போகாது. பாகம் தேறிவிட்டதாகத் தெரியும். அதனால் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும்போதே விஷயத்தைச் சொல்லி, முதலில் அமிலத்தால் மிக லேசாக மேற்பரப்பைத் திறந்துவிட்டு, பிறகு ஒளிரும் சாயத்தில் பார்க்கச் சொன்னோம். கிராங்க் கேஸ் தேறியது. பின்பக்க அக்சஸரி கேஸில், மேக்னெட்டோ உட்காரும் மேட்டின் அடியில், 8 மில்லிமீட்டர் நீளத்துக்குப் புற ஊதா வெளிச்சத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அதை ஒதுக்கிவிட்டு, பரிசோதித்துச் சான்றளித்த வேறொன்றை வாங்கினோம்.

கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், கனெக்டிங் ராடுகள், பல்சக்கரங்கள் எல்லாம், இரும்பில் விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனைக்குப் போயின. சோதனைக்குப் பிறகு காந்தத்தை நீக்கிவிட்டார்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். காந்தம் மிச்சமிருந்தால் ஓட்டத்தில் இரும்புத் துகளைத் தன்னோடு வைத்துத் தேய்த்துக்கொள்ளும். விரிசல் இல்லை என்று வந்ததால் கிராங்க் ஷாஃப்ட்டை 0.010 அங்குலம் குறைத்துச் சாணை பிடித்து, மறுபடி நைட்ரைடு செய்வித்தோம். சாணை பிடித்ததோடு நிறுத்தினால் கடினமான மேல்தோல் போய்விட்டிருக்கும். கிராங்க் பின் சீக்கிரம் தேயும்.

கேம் ஷாஃப்ட் நன்றாகவே இருந்தது. காண்டினென்டலின் இந்த வகையில் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கீழே இருக்கிறது. இன்னொரு தயாரிப்பாளரான லைகோமிங்கின் என்ஜின்களில் அது மேலே இருப்பதால் நின்ற சில நாளிலேயே ஆயில் வடிந்து காய்ந்துவிடும். நெடுநாள் நின்ற லைகோமிங் வந்தால் நான் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன். இங்கே நான்கு டேப்பட்களின் முகத்தில் மட்டும் ஊசி குத்தியது போலத் துருக் குழிகள். டேப்பட்கள் எட்டையும் மாற்றினோம். மூன்றாவது சிலிண்டரின் குழிகள் ஹோனிங்கில் (உட்சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவதில்) போகும் ஆழத்தைத் தாண்டியிருந்ததால் அதுவும் புதிது. மற்ற மூன்றும் லேசாக ஹோனிங் செய்து தேறின.

மேக்னெட்டோ இரண்டும் 500 மணி நேரச் சோதனைக்கு உரிய முறையில் பிரித்துப் பார்க்கப்பட்டன. உள்ளே பச்சைக் களிம்பு. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து வார்னிஷ் போல ஒட்டியிருந்தது. பித்தளை மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பார்த்தோம். குமிழி வந்தால் ஓட்டை, வரவில்லை. ரப்பர் என்று பெயருள்ள எதையும் மறுபடி பயன்படுத்தவில்லை.

சேர்த்தல்

கேஸின் இரு பாதிகளுக்கும் நடுவே கேஸ்கெட் கிடையாது. கேஸ்கெட்டின் தடிமன் பேரிங் துளையின் வட்டத்தைக் கெடுத்துவிடும். அதற்குப் பதில் பசையை மிக மெல்லிதாகத் தடவி, அதன் மேல் பட்டு நூல் ஒன்றைப் போல்ட் துளைகளின் உள்பக்கமாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இறுக்கும்போது நூல் நசுங்கி ஒன்றுமில்லாமல் ஆகிவிடும், ஆயில் மட்டும் கசியாது. இந்தச் சின்ன வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈரப் பசையில் நூலை விரலால் நீவிவிடும்போது, கடையே அமைதியாகிவிடும்.

உரிமையாளர் சிலிண்டர்களுக்குப் பெயின்ட் கேட்டார். அடித்தோம், ஆனால் அடிப்பட்டையில் நட்டு உட்காரும் வளையங்களை மறைத்துவிட்டு. அங்கே பெயின்ட் இருந்தாலும், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும். ஆனால் சூட்டில் பெயின்ட் நசுங்கியதும் அந்த இறுக்கம் போய்விடும். ஸ்டட் முறிந்து சிலிண்டர் கேஸை விட்டுக் கிளம்புவது அப்படித்தான் தொடங்கும். கேஸை ஊடுருவிப் போகும் நீளப் போல்ட்கள் சிலிண்டரை மட்டுமல்ல, மெயின் பேரிங்குகளையும் பிடித்திருக்கின்றன. ஆகவே பின்னாளில் சிலிண்டரைக் கழற்றினாலும், அந்த இடத்தைத் தகடு வைத்து இறுக்காமல் கிராங்க் ஷாஃப்ட்டைத் திருப்பக் கூடாது, பேரிங் நகர்ந்துவிடும்.

என்ஜின் தகட்டில் அடித்திருந்தபடி, பிஸ்டன் உச்சிக்கு வர 24 டிகிரி இருக்கும்போது பொறி விழும்படி மேக்னெட்டோவை வைத்தோம். பற்றும் வரிசை 1-3-2-4. இங்கே சிலிண்டர் எண்கள் பின்னாலிருந்து தொடங்கும். லைகோமிங்கில் பழகியவர்கள் முன்னாலிருந்து எண்ணி வயர்களை மாற்றி மாட்டிவிடுவார்கள்.

முதல் ஓட்டம்

ஓடவிடும் முன் ஆயில் அழுத்த மீட்டரின் வாய் வழியாக, அழுத்தக் கலத்திலிருந்து ஆயிலை உள்ளே தள்ளினோம், ராக்கர்களில் சொட்டும் வரை. பிறகு மேல் பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி, மீட்டரில் முள் அசைவதைப் பார்த்தோம். ஸ்டார்ட் ஆன 30 நொடிக்குள் அழுத்தம் வரவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். ஏழாவது நொடியில் முள் பச்சைப் பகுதிக்குள், 30-க்கும் 60-க்கும் நடுவே, வந்து நின்றது. 1700 சுற்றில் மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தபோது ஒன்றில் 80, மற்றதில் 100 சுற்று குறைந்தது. அனுமதி 150 வரை, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 75 வரை. நிறுத்துவதற்கு முன் ஐடிலில் சாவியை ஒரு கணம் முழுதாக அணைத்துப் பார்த்தோம். என்ஜின் சட்டென்று தணிந்தது. அந்த ஒற்றை இழை வயருக்குப் பதில் போட்ட புது வயர் வேலை செய்கிறது.

புது ரிங்குகள் சிலிண்டரில் உட்கார அழுத்தம் வேண்டும். தரையில் மெதுவாக நீண்ட நேரம் ஓட்டிப் பழக்குகிறேன் என்று நினைத்தால் சுவரில் ஆயில் வெந்து கண்ணாடி போல ஏறிவிடும், ரிங் கடைசிவரை உட்காராது. ஆகவே தரையில் கசிவு பார்க்கும் அளவுக்கு மட்டும் ஓட்டிவிட்டு, கலப்பில்லாத மினரல் ஆயிலோடு மேலே அனுப்பி, முக்கால் திறனுக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் பறக்கவிட்டோம், ஓடுதளத்தை விட்டுத் தூரம் போகாமல். சிலிண்டர் தலைகளின் சூடு முதலில் ஏறி, நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக இறங்கியது. கடைசியாக இறங்கியது புது மூன்றாம் சிலிண்டர்.

25 மணி நேரத்தில் ஆயில் சல்லடையைக் கழற்றி, வெள்ளைத் துணியில் தட்டி, அதே லென்ஸோடு உட்கார்ந்தேன். புது ரிங் ராவிய மெல்லிய இரும்புத் தூள், கொஞ்சம் கரி, ஒரு துணுக்குப் பட்டு நூல். உருண்டையாக ஒன்றும் இல்லை. அழுத்தச் சோதனையில் 80-க்கு நான்கும் 74-க்கு மேல். 50 மணி நேரத்தில் மறுபடி திறப்பதாகப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். மேல்வரியில், கண்ணாடி மணி கிடைத்த துளைகளின் படத்தோடு.